கடலுக்குத் தரை எது?

பள்ளி விடுமுறையில் தோட்டத்திலிருந்து பஸ் பேசிக்கொண்டு மோரிப்புக்கோ போர்ட்டிக்சனுக்கோ போய்வந்தவர்கள் நம்மில் பலர். மோரிப்பில் நீர் வற்றும் நேரத்தில் கரையிலிருந்து வெகுதூரத்துக்குச் சேற்று நிலம் தெரியும். பிள்ளைகள் கணுக்கால் புதைய நடந்து நண்டு தேடுவார்கள். வீட்டுக்கு வந்ததும், "கடலின் தரையில் நடந்தோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அவர்கள் நடந்தது கடலின் தரைதானா என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

தமிழில் கடலுக்குப் பல பெயர்கள் உண்டு. ஆழமாக இருப்பதால் ஆழி என்றார்கள். பரந்து கிடப்பதால் பரவை என்றார்கள். அதன் அடிப்பகுதியைக் கடலடி, கடற்படுகை, கடல்தரை என்றெல்லாம் எழுதுகிறோம். எதைச் சொன்னாலும், தண்ணீருக்குக் கீழே கிடக்கும் நிலம் என்றே பொருள் கொள்கிறோம். பேச்சு வழக்குக்கு அது போதும். நிலநூல் அறிஞர்களுக்கு அது போதவில்லை. அவர்கள் தண்ணீருக்குக் கீழே இரண்டு விதமான நிலம் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒன்று, நீரில் மூழ்கிப்போன நாட்டு நிலம். மற்றொன்று, உண்மையான பெருங்கடல் தரை. இரண்டுக்கும் கல் வேறு, வயது வேறு, பிறந்த விதமும் வேறு.

நம் லயத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு முன்னால் அஞ்சடி இருக்கிறது. அதற்கு அப்பால் படி இறங்கினால் வாசல், வாசலை ஒட்டிக் கால்வாய். அடைமழையில் கால்வாய் நிரம்பி வழிந்து, தண்ணீர் அஞ்சடி வரைக்கும் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து பார்ப்பவர் அஞ்சடியையும் கால்வாயோடு சேர்த்து ஒரே வெள்ளம் என்றுதான் நினைப்பார். ஆனால் அஞ்சடி கால்வாயைச் சேர்ந்ததா? இல்லை. அது வீட்டைச் சேர்ந்தது. வீட்டுக்குப் போட்ட அதே சிமெண்டு, அதே அடித்தளம். கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடியும் அப்படித்தான். அதற்குக் கண்டத்திட்டு என்று பெயர். நாடுகளும் கண்டங்களும் வீடு என்றால், கண்டத்திட்டு அவற்றின் அஞ்சடி. இன்று அதன்மேல் தண்ணீர் நிற்கிறது, அவ்வளவுதான்.

நம் நாட்டைச் சுற்றியுள்ள அஞ்சடி மிகப் பெரியது. உலகில் உள்ள மிகப் பெரிய கண்டத்திட்டுகளில் ஒன்று, தென்சீனக் கடலின் தென்பகுதி, ஜாவாக் கடல், மலாக்கா நீரிணை ஆகியவற்றின் அடியில் பரந்து கிடக்கிறது. இதைச் சுண்டாத் திட்டு என்பார்கள். இதன் மேல் தண்ணீர் பெரும்பாலும் நூறு மீட்டர்கூட இல்லை. மலாக்கா நீரிணையின் சில இடங்களில் ஆழம் இருபத்தைந்து மீட்டர் அளவுதான். நன்கு வளர்ந்த பால்மரம் ஒன்றை அங்கே நட்டுவைத்தால் உச்சிக்கிளை நீர்மட்டத்தைத் தொட்டுவிடும். சிலாங்கூர்க் கரைக்கு அப்பால் இன்னும் மேடான மணல்திட்டு ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் அதைப் பெர்மாத்தாங் செடெப்பா என்கிறார்கள். ஆங்கில வரைபடத்தில் அதன் பெயர் ஒன் ஃபாத்தம் பேங்க். இரு கைகளையும் விரித்தால் விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை உள்ள நீளம் மலாயில் ஒரு டெப்பா. அதையே தமிழ் மீனவர்கள் ஒரு பாகம் என்பார்கள். ஏறக்குறைய ஆறடி. கப்பல்கள் தட்டி நிற்காமலிருக்க அங்கே கலங்கரை விளக்கம் கட்டவேண்டியதாயிற்று.

ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பூமியின் வடபகுதியில் பெரும் பனிப்பாளங்கள் தண்ணீரைப் பிடித்துவைத்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அப்போது மலாக்கா நீரிணை கிடையாது. தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலமாகக் கிடந்தன. பினாங்குக் கரையிலிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம். விலங்குகள் அப்படித்தான் போய்வந்தன. நம் காட்டோரத்தில் ஓடும் சருகுமான் சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருப்பது வேறு எப்படி? நீந்திக் கடக்கும் பிராணியா அது? பனி உருகிக் கடல் ஏறியபோது பள்ளமான இடங்கள் மூழ்கின. மேடுகள் தீவுகளாக நின்றன. ஒல்லாந்து நிலநூலார் மொலென்கிராஃப் 1920களில் இந்தக் கடலடியில் பழைய ஆறுகள் ஓடிய தடங்கள் இருப்பதை எடுத்துக்காட்டினார். ஆறு ஓடிய இடம் நிலமாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

இதைவிடக் கைக்கு எட்டும் சான்று ஒன்று உண்டு. அது ஈயம். பேராக்கிலும் சிலாங்கூரிலும் வாழ்பவர்களுக்கு ஈயலம்பத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. குட்டையில் மிதந்தபடி வாளிச் சங்கிலியால் மண்ணைத் தோண்டி ஈயத்தைப் பிரித்த பெரிய இயந்திரக் கப்பல்களில் ஒன்று, பத்து காஜாவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் துவாலாங்கில் பார்வைக்காக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. 1938இல் கட்டப்பட்டது, 1982 வரை வேலை செய்தது. அதே மாதிரிக் கப்பல்கள் இந்தோனேசியாவின் பங்கா, பெலித்தோங் தீவுகளுக்கு அருகே திறந்த கடலிலேயே நின்று கடலடியைத் தோண்டி ஈயம் எடுத்தன. ஈயம் எங்கே பிறக்கிறது? தித்திவங்சா மலைகளில் இருக்கிற மாதிரிக் கருங்கல்லில் பிறக்கிறது. மழை அந்தக் கல்லைக் கரைத்து, ஆறு அதை உருட்டிக்கொண்டு வந்து, கனமான ஈயத்தை வளைவுகளில் போட்டுவிட்டுப் போகிறது. அப்படியானால் கடலுக்கு அடியில் ஈயம் அகப்படும் இடம் கடலின் தரை அல்ல. மூழ்கிப்போன ஆற்றுப் பள்ளத்தாக்கு அது. உண்மையான பெருங்கடல் தரையை எவ்வளவு தோண்டினாலும் இந்த ஈயம் வராது.

திரெங்கானுக் கரைக்கு அப்பால் எண்ணெய் எடுக்கும் மேடைகளும் இதே திட்டின்மேல்தான் கால் ஊன்றி நிற்கின்றன. ஆகவே அஞ்சடி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. 1969 அக்டோபரில் மலேசியாவும் இந்தோனேசியாவும் மலாக்கா நீரிணையிலும் தென்சீனக் கடலிலும் தங்கள் திட்டுக்கு எல்லைக்கோடு வகுத்துக்கொண்டன. பிறகு 1982இல் உலக நாடுகள் கூடி ஒரு கடற்சட்டம் செய்தன. அந்த மாநாட்டை முடித்துவைத்த தலைவர் சிங்கப்பூரைச் சேர்ந்த டாமி கோ. சட்டம் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை திட்டு என்று கணக்கு வைக்கிறது; நிலநூலார் கல்லைப் பார்த்துக் கணக்கு வைக்கிறார்கள். இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. வழக்கறிஞரையும் கல்லுடைப்பவரையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர முடியுமா?

மோரிப்பில் நடந்த பிள்ளைகளுக்கு இப்போது விடை சொல்லிவிடலாம். அவர்கள் நடந்தது கடலின் தரையில் அல்ல, நாட்டின் அஞ்சடியில்.

அப்படியானால் உண்மையான தரை எங்கே? திட்டின் விளிம்புக்குப் போகவேண்டும். பெரும்பாலும் 200 மீட்டர் ஆழத்துக்குப் பக்கத்தில் திட்டு முடிந்து, நிலம் சரியத் தொடங்குகிறது. ஆயிரம் மீட்டர், இரண்டாயிரம் மீட்டர் என்று இறங்கி, கடைசியில் நான்காயிரம் மீட்டர் அளவில் சமவெளியில் சேர்கிறது. உலகக் கடல்களின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். சபாவின் கினபாலு மலையைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால், உச்சியில் நானூறு மீட்டர் அளவுக்குத்தான் வெளியே தெரியும். மிக ஆழமான இடம் பசிபிக் கடலில் மரியானா அகழியில் இருக்கிறது. அங்கே ஆழம் 10,900 மீட்டருக்கு மேல். 1960 ஜனவரி 23ஆம் நாள் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் திரியெஸ்ட் என்ற கலத்தில் அந்த அடிக்கு இறங்கி உயிரோடு திரும்பினார்கள்.

இவ்வளவு ஆழத்தை அளந்தது எப்படி? முதலில் கயிறுதான். நுனியில் ஈயக்குண்டு, குண்டின் அடியில் கொழுப்பைத் தடவியிருப்பார்கள். அடி தட்டியதும் மண் ஒட்டிக்கொண்டு வரும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல் ஆழ்கடலில் ஏறத்தாழ ஐந்நூறு இடங்களில் இப்படி அளந்தது. ஒரு முறை இறக்கி ஏற்றப் பல மணி நேரம் ஆகும். ஒரு பெரிய தோட்டத்தில் ஐந்நூறு இடத்தில் குச்சி ஊன்றிப் பார்த்தாலே மேடு பள்ளம் முழுவதும் தெரியாது. உலகக் கடலுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் வெகுகாலம் வரை ஆழ்கடலின் அடி சேறு படிந்த தட்டையான தரை என்றே நினைத்திருந்தார்கள்.

பிறகு ஒலி வந்தது. தண்ணீரில் ஒலி ஒரு விநாடிக்கு 1,500 மீட்டர் அளவு ஓடும். கப்பலிலிருந்து கீழே ஓர் ஒலியை அனுப்பி, அது அடியில் மோதித் திரும்ப நான்கு விநாடி ஆனால், போக இரண்டு, வர இரண்டு. ஆகவே ஆழம் 3,000 மீட்டர். கப்பல் நிற்கவே வேண்டாம். ஓடிக்கொண்டே அளந்துகொண்டு போகலாம். ஜெர்மனியின் மெட்டியோர் என்ற கப்பல் 1925 முதல் 1927 வரை அட்லாண்டிக் கடலைக் குறுக்கும் மறுக்குமாக இப்படி அளந்தது.

அளந்த எண்களை வைத்துப் படம் வரைந்தவர்களில் நாம் நினைவில் வைக்கவேண்டியவர் மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண்மணி. அந்தக் காலத்தில் ஆராய்ச்சிக் கப்பல்களில் பெண்களை ஏற்றமாட்டார்கள். உடன் பணிபுரிந்த புரூஸ் ஹீசன் கடலுக்குப் போய் எண்களைக் கொண்டுவருவார். இந்த அம்மையார் மேசையில் உட்கார்ந்து பேனாவாலும் மையாலும் கடலடியை வரைவார். 1950களின் தொடக்கத்தில், அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் முதுகில் நீளவாக்கில் ஒரு பிளவு இருப்பதை அவர் கண்டார். முதலில் ஹீசனே நம்பவில்லை. மற்றக் கடல்களையும் வரைந்து பார்த்தபோது, அந்த மலைத்தொடர் உலகைச் சுற்றி ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் ஓடுவது தெரிந்தது. நிலத்தின்மேல் இவ்வளவு நீளமான மலைத்தொடர் கிடையாது. கப்பலில் கால் வைக்க அனுமதிக்கப்படாதவர் கடலின் அடியைப் பிறருக்குக் காட்டினார்.

அந்தப் பிளவு எதற்கு? 1962இல் ஹேரி ஹெஸ் என்ற நிலநூலார் ஒரு விளக்கம் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் கப்பல் தலைவராக இருந்தபோதே எதிரொலிக் கருவியை நிறுத்தாமல் ஓடவிட்டு ஆழம் பார்த்தவர் அவர். அவர் சொன்னதை நமக்குப் பழக்கமான மொழியில் சொல்லலாம். பால்மரத்தில் கோடு கிழிக்கிறோம். உள்ளிருந்து பால் கசிகிறது. மங்குக்கு ஓடியது போக, கோட்டிலேயே நின்றது காற்றுப்பட்டு இறுகி ஒட்டுப்பாலாகிவிடுகிறது. கடலடிப் பிளவிலும் பூமிக்குள்ளிருந்து கொதிக்கும் பாறைக்குழம்பு கசிந்து வந்து, குளிர்ந்த நீர்பட்டு இறுகிப் புதுத் தரையாகிறது. உவமையை இதற்குமேல் இழுக்கக் கூடாது. மரத்தில் கோடுதான் இறங்கிக்கொண்டே போகும். கடலடியில் பிளவு நடுவிலேயே நிற்க, இறுகிய பாறை இரு பக்கமும் விலகிப்போகிறது. வேகம் என்ன தெரியுமா? நம் விரல்நகம் வளரும் வேகம்தான். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். 1968இல் குளோமர் சேலஞ்சர் என்ற துளைக்கப்பல் தென் அட்லாண்டிக்கின் அடியைத் துளைத்துப் பார்த்தபோது, பிளவிலிருந்து தள்ளிப்போகப் போகத் தரையின் வயது கூடிக்கொண்டே போனது. ஹெஸ் சொன்னது சரியாயிற்று.

இப்படிப் பிறந்த கல்லுக்குப் பசால்ட் என்று பெயர். கறுப்பாக, கனமாக இருக்கும். கண்டங்களின் கல் அதைவிட லேசானது. முப்பது நாற்பது கிலோமீட்டர் தடிப்பு உள்ளது. பெருங்கடல் தரையின் கல் ஏழு கிலோமீட்டர் அளவுதான். குளத்தில் ஒரு லேசான பெரிய கட்டையையும் கனமான சிறிய பலகையையும் போட்டால் எது உயர்ந்து நிற்கும், எது தாழ்ந்து கிடக்கும்? அதுபோலவே பூமியின் உட்பகுதிமேல் கண்டங்கள் உயர்ந்தும் கடல்தரை தாழ்ந்தும் இருக்கின்றன. யாரோ பள்ளம் தோண்டித் தண்ணீர் ஊற்றிய மாதிரி கடல் உண்டாகவில்லை. கனத்த தரை தாழ்ந்து கிடப்பதால் தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்தது.

புதுத் தரை பிறந்துகொண்டே இருந்தால் பழையது எங்கே போகிறது? திரும்பவும் பூமிக்குள் போகிறது. கண்டத்தின் விளிம்பிலோ தீவு வரிசையின் விளிம்பிலோ பழைய தரை மடங்கிக் கீழே செருகுகிறது. செருகும் இடம் அகழியாகத் தெரிகிறது. இதனால்தான் கடல்தரை என்றும் இளமையாக இருக்கிறது. கண்டங்களில் நானூறு கோடி ஆண்டு வயதான கல் கிடைக்கிறது; பெருங்கடல் தரையில் இருபது கோடி ஆண்டுக்கு மேற்பட்ட கல்லைப் பார்ப்பது அரிது.

இனி ஒரு பயணம் போவோம். நம் தாத்தா பாட்டிமார் வந்த வழியில் திரும்பிப் போவோம். ரஜூலா கப்பலும், பின்னாளில் சிதம்பரம் கப்பலும் ஓடிய வழிதான். கிள்ளானிலிருந்து, அதாவது 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் இருந்த துறைமுகத்திலிருந்து, நாகப்பட்டினத்துக்கு. கடல்நீர் முழுவதும் வடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு நடப்போம்.

பினாங்கைத் தாண்டும் வரை சேறும் மணலுமான சமதரை. லங்காவிக்கு மேற்கே போனதும் அஞ்சடியின் விளிம்பு வருகிறது. அங்கிருந்து அந்தமான் கடலின் பள்ளத்தில் இறங்குகிறோம். அதன் நடுவில் ஒரு பிளவு. ஆம், நாம் சொன்ன அதே மாதிரிப் பிளவு. நம் வீட்டுக்கு அருகிலேயே கடல்தரை பிறந்துகொண்டிருக்கிறது. பிறகு ஏற்றம், நிக்கோபார் தீவுகள் மலை உச்சிகளாக நிற்கின்றன. அவற்றைத் தாண்டி மேற்கே இறங்கும் இடத்தில்தான், இந்தியப் பெருங்கடலின் தரை மெல்லமெல்ல நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் அடியில் செருகிக்கொண்டிருக்கிறது. ஜாவாவுக்குத் தெற்கே இதே அகழி ஏறத்தாழ 7,200 மீட்டர் ஆழம் உள்ளது. இங்கே வடக்கில் அவ்வளவு ஆழமில்லை. வண்டல் வந்து நிரப்பிவிட்டது.

எங்கிருந்து வந்த வண்டல்? இமயமலையிலிருந்து வந்த வண்டல். கங்கையும் பிரம்மபுத்திராவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மலையைக் கரைத்துக் கொண்டுவந்து வங்காள விரிகுடாவில் கொட்டியிருக்கின்றன. அது விசிறிபோல் பரந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கேயும் போகிறது. வடக்கே அதன் தடிப்பு பதினைந்து கிலோமீட்டருக்கும் மேல். தெற்கிலிருந்து வடக்காக ஓடிவரும் ஒரு பெரிய கடலடி மலைத்தொடரின் வடமுனையே இந்த வண்டலுக்குள் புதைந்துபோய்விட்டது. ஊரை விட்டுக் கிளம்பிய நம் முன்னோர் கப்பல்தட்டில் படுத்து வாந்தியெடுத்துக்கொண்டு கடந்த அந்த நாட்களில், அவர்களுக்குக் கீழே மூவாயிரம் மீட்டர் அளவு தண்ணீர். அதற்கும் கீழே இமயத்து மண். அதற்கும் அடியில்தான் உண்மையான கடல்தரை. கடைசியில் சோழமண்டலக் கரையின் ஒடுங்கிய அஞ்சடியில் ஏறி நாகப்பட்டினம் சேர்கிறோம்.

இந்த வழியை நாம் சும்மா எடுத்துச் சொல்லவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மலேசிய நேரம் காலை 8.58க்கு நடந்தது இந்த வழியில்தான்.

கடல்தரை சுமத்ராவுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. மேலே உள்ள நிலத்தோடு சிக்கிக்கொண்டு அதையும் இழுத்துக்கொண்டு போகிறது. மூங்கில் பிளாச்சை வளைக்கிற மாதிரி நிலத்தின் விளிம்பு வளைகிறது. பல நூறு ஆண்டு வளைந்தது அன்று விடுபட்டு நிமிர்ந்தது. ஆச்சேக்கு அப்பால் தொடங்கி வடக்கே அந்தமான் வரை ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடலடி ஒரு பக்கம் சில மீட்டர் உயர்ந்தது. மறு பக்கம் தாழ்ந்தது. அதன்மேல் இருந்த தண்ணீர் முழுவதும் அதோடு எழுந்து விழுந்தது. அதுதான் ஆழிப்பேரலை, சுனாமி. காற்றால் எழும் அலை கடலின் மேற்பரப்பில்தான் ஓடும். இது அடியிலிருந்து மேல்வரை மொத்தத் தண்ணீரும் அசைகிற அலை. ஆகவே அதன் வேகத்தை அடிதான் நிர்ணயிக்கிறது.

நிலநடுக்கம் தொடங்கிய இடத்திலிருந்து பினாங்கு ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர். நாகப்பட்டினமோ அதைப்போல் மூன்று மடங்கு தொலைவு. ஆனால் அலை நாகப்பட்டினத்தை இரண்டரை மணி நேர அளவில் அடைந்தது. பினாங்கை அடைய நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்குத் தாமதம், தூரத்து வீட்டுக்கு அவசரம்! காரணம் என்ன? மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் இந்த அலை மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஏறக்குறைய ஆகாய விமான வேகம். ஐம்பது மீட்டர் ஆழத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். விரைவு பஸ்ஸின் வேகம். தமிழகத்துக்குப் போன அலை ஆழமான பெருங்கடல் தரையின்மேல் தடையில்லாமல் ஓடியது. பினாங்குக்கு வந்த அலை சுமத்ராவின் முனையைச் சுற்றிக்கொண்டு நம் அஞ்சடியின்மேல் ஏறித் தவழ்ந்து வந்தது. தவழ்ந்து வந்தாலும் கரையில் உயர்ந்து அடித்தது. மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பினாங்கிலும் கெடாவிலும், விடுமுறை நாளில் கடற்கரைக்கு வந்தவர்களும் மீனவர்களும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

நமக்கு நான்கு மணி நேரம் இருந்தது. வானொலி இருந்தது. தொலைபேசி இருந்தது. செய்தி மட்டும் வரவில்லை. பசிபிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்குப் பல ஆண்டுகளாக எச்சரிக்கை அமைப்பு இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று அப்படி ஒன்று இல்லை. மலேசிய வானிலைத் துறையின் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு 2005இல்தான் தொடங்கியது. இன்று நிலம் நடுங்கிய சில நிமிடங்களிலேயே, எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு அலை வரும் என்று கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்குக்கு முதலில் வேண்டியது கடலடியின் ஆழப்படம். எச்சரிக்கை வந்து சேராத கரையிலும் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கலாம். தாய்லாந்துக் கரையில் அன்று அலை வருமுன் கடல் பின்வாங்கிப் போயிற்று. நீர் வற்றும் வேளையல்லாத நேரத்தில் கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினால், தெரிகிற தரையில் மீன் பொறுக்கப் போகக் கூடாது. மேட்டுக்கு ஓடவேண்டும், அலை ஒன்றோடு நிற்காது என்பதால் பல மணி நேரம் அங்கேயே இருக்கவேண்டும்.

கடலடியின் படம் முழுமையாக இருக்கிறதா என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை. செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து அடியில் மலை இருப்பதை ஊகித்துச் சொல்லும். அது மங்கலான படம். ஒலியால் நேரடியாக அளந்த பகுதி 2025இல்கூட உலகக் கடலடியில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுத்தான் கூடுதல். அந்தக் குறை என்ன செய்யும் என்பதை மலேசியர்கள் 2014இல் அனுபவித்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 8ஆம் நாள் 239 பேரோடு கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்ட எம்.எச். 370 விமானம் மறைந்தது. தென் இந்தியப் பெருங்கடலில் விழுந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் தேடும் கருவியைக் கடலடியை ஒட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டுமே. அங்கே மலை எங்கே, பள்ளம் எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆகவே முதலில் மாதக்கணக்கில் ஆழம் அளந்து படம் போட்டார்கள். அதன் பிறகே தேடினார்கள். 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடிய பிறகு 2017 ஜனவரியில் அந்தத் தேடுதல் நிறுத்தப்பட்டது. விமானம் அகப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூழ்கிய இரண்டு கப்பல்களின் மிச்சம் அகப்பட்டது. அதுவரை எவரும் தெளிவாகப் பார்த்திராத எரிமலைகளும் செங்குத்தான சரிவுகளும் படத்தில் வந்தன. அந்தப் படத்தை ஆஸ்திரேலிய அரசு எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது.